வேலை கைமாறும் இடத்தைப் பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குமரி மாவட்டத்துக் கடிதங்கள். அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை), காற்றாலை, ஜவுளிக்கடை, மகளிர் குழு, மருத்துவமனை என்று இடங்கள் வேறுவேறு. ஆனால் ஏறக்குறைய எல்லாக் கடிதத்திலும் ஒரு வரி இருந்தது: 'அந்த ஆள் சரியில்லை.' சில இடங்களில் அது உண்மையாகவே இருக்கலாம். அதை முடிவு செய்வதற்கு முன், வேலை ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போகும் இடத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள். எவ்வளவு, எந்த நிலையில், எத்தனை மணிக்கு, யாரிடம்? இந்த நான்கில் ஒன்று சொல்லாமல் விட்டுப்போனாலும், நல்ல மனிதர்கள்கூட ஒருவரையொருவர் சந்தேகப்படத் தொடங்கிவிடுவார்கள்.

கேள்வி: எங்கள் அண்டி ஆபீசில் கொட்டை உடைப்பவர்களுக்கும் தோல் உரிப்பவர்களுக்கும் தினமும் வாய்த்தகராறு. 'நீங்க நொறுக்கித் தந்ததைத்தான் நாங்க உரிக்கோம்' என்கிறார்கள் இவர்கள். 'முழுசாத்தான் தந்தோம், உங்க கத்தியிலதான் போச்சு' என்கிறார்கள் அவர்கள். எல்லோரும் அக்கா, மதினி என்று பழகியவர்கள். எப்படிச் சமாதானம் செய்வது?
— மேற்பார்வையாளர், கருங்கல்

பதில்: சமாதானக் கூட்டத்தை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். முதலில் தராசு வேண்டும்.

பருப்பு உடைவதற்கு உங்கள் ஆலையில் குறைந்தது நான்கு இடங்கள் இருக்கின்றன. அவித்த கொட்டையைப் பரப்பி ஓர் இரவாவது ஆறவிட்டால்தான் தோடு, அதாவது மேல் ஓடு, மொறுமொறுப்பாகும், உள்ளே பருப்பும் இறுகும். அவசரத்தில் அன்றே உடைத்தால் தோடோடு சேர்ந்து பருப்பும் நசுங்கும். அடுத்தது, கொட்டையை அளவுவாரியாகச் சலிக்காமல் கலந்து கொடுப்பது. சிறிய கொட்டைக்கு வைத்த கத்தி இடைவெளியில் பெரிய கொட்டை வந்தால் கத்தி பருப்பில் இறங்கும். மூன்றாவது போர்மா, அதாவது பருப்பைத் தட்டுகளில் அடுக்கிக் காயவைக்கும் சூட்டறை. ஏறத்தாழ 70 டிகிரியில் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் காயவேண்டிய பருப்பு குறைவாகக் காய்ந்தால் தோல் ஒட்டிக்கொள்ளும், கத்தியால் சுரண்டத்தான் வேண்டிவரும். அதிகமாகக் காய்ந்தால் விரல் பட்டாலே பிளக்கும். நான்காவதுதான் உரிப்பவர்களின் கைவேகம்.

கவனித்தீர்களா, உங்கள் கடிதத்தில் போர்மா பார்ப்பவரின் பெயரே வரவில்லை. இரண்டு பிரிவுக்கும் நடுவில் நிற்கும் வேலை அவருடையது. சண்டை மட்டும் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது.

ஆறு வேலை நாட்களுக்கு இப்படிச் செய்யுங்கள். உடைப்புப் பிரிவை விட்டு வெளியே வரும்போது, போர்மாவிலிருந்து இறக்கும்போது, உரித்து முடித்த பிறகு என்று மூன்று இடங்களில் ஒவ்வொரு கிலோ எடுத்து, முழுப்பருப்பைத் தனியே பிரித்து நிறுத்துப் பலகையில் எழுதுங்கள். போர்மா மாதிரியை ஒரே தட்டிலிருந்து எடுக்கக்கூடாது. மேல்தட்டு, நடுத்தட்டு, அடித்தட்டு மூன்றிலிருந்தும் சேர்த்து எடுங்கள், ஏனென்றால் சூடு எல்லாத் தட்டுக்கும் ஒன்றுபோல் போவதில்லை. நிறுக்கும்போது கொடுக்கும் பிரிவில் ஒருவரும் வாங்கும் பிரிவில் ஒருவரும் பக்கத்தில் நிற்கட்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மேற்பார்வையாளர் தனியாக நிறுத்தால், பலகையில் இருக்கும் எண்ணுக்கும் ஒரு சண்டை வரும்.

உதாரணத்துக்கு, உடைப்பு முடிந்ததும் 1000 கிராமுக்கு 920 கிராம் முழுப்பருப்பு, போர்மாவுக்குப் பிறகு 910, உரித்த பிறகு 780 என்று வந்தால், சேதம் கடைசிக் கட்டத்தில் தெரிகிறது. உடனே உரிப்பவர்களைக் கைகாட்டிவிட வேண்டாம். ஒரு பிடி பருப்பை உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்லத் தேய்த்துப் பாருங்கள். தோல் கழன்று வரவில்லை என்றால் குறை போர்மாவில். எளிதாகக் கழன்றும் உடைகிறது என்றால் ஒன்று அதிகமாகக் காய்ந்திருக்கிறது, அல்லது அவசரம். இந்தத் தேய்ப்புச் சோதனையை உரிப்பவர்கள் பருப்பைக் கையேற்கும்போதே செய்யட்டும். கழலாத தட்டைத் திருப்பி அனுப்பும் உரிமையும் அவர்களுக்கு வேண்டும்.

கூலிக் கணக்கையும் பாருங்கள். உடைந்ததோ முழுசோ, கிலோவுக்கு ஒரே கூலி என்றால் வேகமாகச் செய்பவர்தான் அதிகம் சம்பாதிப்பார். அவரைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை. முழுப்பருப்புக்குத் தனியாக ஒரு சிறு தொகை வையுங்கள். தரக் குறியீட்டில் டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, அதிகபட்சம் 320 முழுப்பருப்பு. டபிள்யூ 240 என்றால் 240, அதாவது பருப்பு பெரிது, விலையும் கூடுதல். முழுசு, பிளவு, துண்டு, பொடி ஒவ்வொன்றுக்கும் அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுங்கள். ஒரு பருப்பு உடையும்போது எவ்வளவு போகிறது என்பது முதலாளிக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக இருக்கக்கூடாது.

இதெல்லாம் நடந்த பிறகு கூட்டம் போடுங்கள். அப்போது பேச்சே வேறாக இருக்கும். 'நீங்க நொறுக்கிட்டீங்க' என்ற இடத்தில் 'காலை 11 மணி, அடித்தட்டு, 150 கிராம் துண்டு' என்று வரும். அதற்குப் பதில் சொல்ல யாருக்கும் கோபம் வேண்டியதில்லை.

கேள்வி: நாகர்கோவிலில் சிறிய மென்பொருள் அலுவலகம். 12 பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. 'யாராவது இதைப் பாத்துக்கோங்க' என்று போட்டால் 12 பேரும் பார்க்கிறார்கள், ஒருவரும் செய்வதில்லை. கேட்டால் 'அவன் பார்ப்பான்னு நினைச்சேன்' என்கிறார்கள். பொறுப்பில்லாத தலைமுறையா?
— குழுத் தலைவர், வடசேரி

பதில்: தலைமுறையைக் குறை சொல்ல வேண்டாம். பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்சிமிலியன் ரிங்கல்மன் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்தார். 1913-ல் அவர் வெளியிட்ட கணக்கின்படி, எட்டுப் பேர் சேர்ந்து இழுத்த விசை, அந்த எட்டுப் பேரின் தனித்தனி விசையைக் கூட்டினால் வருவதில் ஏறத்தாழ பாதிதான். காரணம் இரண்டு. எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை. தன் பங்கு தனியே தெரியாதபோது கை தானாகத் தளர்கிறது.

நம் கடற்கரையில் கரமடி, அதாவது கரைவலை, இழுப்பவர்களுக்கு இது நெடுநாளாகத் தெரியும். அம்பா பாட்டின் தாளத்துக்கு எல்லோருடைய இழுப்பும் ஒரே நேரத்தில் விழும். வலையின் இருபுறமும் உள்ள இரண்டு கம்பாக்கயிற்றிலும் ஆள் பிரிந்து நிற்பதால் எந்தப் பக்கம் பிந்துகிறது என்பது கரையில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். ஒரு பக்கம் பிந்தினால் மடி சாய்ந்து மீன் போய்விடும்.

உங்கள் குழுவில் ஒரு செய்தியில் ஒரு வேலை, ஒரு பெயர், ஒரு நேரம் இருக்கட்டும். 'பில் பக்கத்தில் வரித்தொகை தப்பாக வருகிறது. சரிசெய்ய வேண்டியவர் இன்னார். இன்று மாலை 4 மணி.' பெயருக்குரியவர் 'எடுத்துக்கொண்டேன்' என்று எழுத வேண்டும். கட்டைவிரல் படம் போதாது, அது பார்த்ததற்கா செய்வதற்கா என்று தெரியாது. முடியாது என்றால் அரைமணி நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும். இரவு 8 மணிக்கு மேல் வரும் செய்திக்கு மறுநாள் காலைதான் பதில். அதற்குள் பதில் வேண்டிய வேலை என்றால் போனில் கூப்பிடுங்கள்.

கேள்வி: முப்பந்தல் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் பொறியாளராக இருக்கிறேன், வயது 26. எங்கள் குழுவில் மூத்த டெக்னீசியன் ஒருவர் என்னை 'மக்ளே' என்றுதான் கூப்பிடுவார். பாசமானவர், வேலை அத்துப்படி. ஆனால் பூட்டுப் போடாமல் டவரில் ஏறிவிடுகிறார். சொன்னால் 'நான் ஏறாத டவரா?' என்கிறார். அவர் மனம் நோகாமல் எப்படி நிறுத்துவது?
— பொறியாளர், ஆரல்வாய்மொழி

பதில்: அவர் மனம் நோகக்கூடாது என்று நீங்கள் நினைப்பது நல்லது. ஆனாலும் இதில் முதல் இடம் உயிருக்கு. 'மாமா' என்று கூப்பிட்டு வந்தால் அப்படியே கூப்பிடுங்கள். அழைப்பை மாற்றி அதிகாரத்தை நிலைநாட்டத் தேவையில்லை.

இயந்திரத்தை யாரும் ஓட்டிவிடாதபடி போடும் இந்தப் பூட்டு எதற்கு என்பது பல இடங்களில் தவறாகச் சொல்லித்தரப்படுகிறது. ஏறுபவருக்கு வேலை தெரியாது என்பதற்காக அதைப் போடுவதில்லை. மேலே இருப்பவரைப் பற்றித் தெரியாத ஒருவர் கீழேயோ, தொலைவில் கட்டுப்பாட்டு அறையிலோ இருந்து இயந்திரத்தை ஓட்டிவிடுவார் என்பதற்காகத்தான் போடுகிறோம். ஷிப்ட் மாறும் நேரத்தில் இந்த ஆபத்து இன்னும் கூடும். முப்பது வருட அனுபவம் இருந்தாலும் அடுத்தவர் விரல் எந்தப் பொத்தானில் இருக்கிறது என்பது 80 மீட்டர் உயரத்திலிருந்து தெரியாது. அவரிடம் இதை இப்படியே சொல்லுங்கள்.

வரிசை இது. கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்து இயந்திர எண்ணைச் சொல்லி, அவர்கள் அதைத் திருப்பிச் சொல்லும்வரை காத்திருங்கள். இயந்திரத்தை நிறுத்துங்கள், சர்வீஸ் நிலைக்கு மாற்றுங்கள், ரிமோட்டைத் துண்டியுங்கள். மின்சாரத்தைப் பிரித்து, ஏறும் ஒவ்வொருவரும் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பெயரும் நேரமும் எழுதிய அட்டையைத் தொங்கவிடுங்கள். பிறகு ஒருமுறை இயக்கிப் பாருங்கள், ஓடக்கூடாது. இறக்கைகள் சேரும் ஹப்புக்குள் போக வேண்டியிருந்தால், அவை சுழலாமல் பிடிக்கும் ரோட்டர் பூட்டும் விழுந்திருக்க வேண்டும். இறங்கியதும் அவரவர் பூட்டை அவரவரே எடுக்க வேண்டும். இரண்டு பேருக்கு ஒரு பூட்டு என்ற ஏற்பாடு வேண்டவே வேண்டாம். தயாரிப்பாளரின் கையேட்டில் சொன்ன காற்று வேகத்துக்கு மேல் அன்று ஏற்றமே இல்லை.

மூத்தவரை மறித்துப் பேசத் தயங்குவது உங்களுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் தெனெரீப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். எதிரே இன்னொரு விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று, புறப்பட்டுக்கொண்டிருந்த விமானத்தின் பொறியாளர் கேட்டார். அனுபவம் மிக்க மூத்த கேப்டன் விலகிவிட்டது என்றார். கேட்டவர் அதற்குமேல் அழுத்தவில்லை. இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகுதான், இளையவர் மூத்தவரிடம் எப்படி அழுத்திச் சொல்ல வேண்டும் என்பதை விமான நிறுவனங்கள் பயிற்சியாகவே கொடுக்கத் தொடங்கின.

கேள்வியாகக் கேட்காதீர்கள். 'பூட்டுப் போட்டாச்சா மாமா?' என்றால் 'ஆச்சு மக்ளே' என்று பதில் வந்துவிடும். கூப்பிடுங்கள், கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள், என்ன வேண்டும் என்று சொல்லுங்கள்: 'மாமா, ரிமோட் இன்னும் ஆன்ல இருக்கு. பூட்டுப் போட்டுட்டு ஏறுவோம்.' கேட்கவில்லை என்றால் இரண்டாம் முறை: 'எனக்குப் பயமா இருக்கு, நிறுத்துங்க.' அதற்கும் மேலே போனால் வேலை அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள், அன்றே மேலிடத்துக்கு எழுதுங்கள். யார் 'நிறுத்து' என்றாலும் வேலை நிற்கும், சொன்னவரை யாரும் பிறகு குத்திப் பேசக்கூடாது என்று நிர்வாகம் எழுதித்தர வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை ஒரு மணி நேர நிறுத்தமும் நஷ்டமாகத் தெரியும். பூட்டை மறக்கச் சொல்லும் அவசரம் அந்த மாதங்களில்தான் வரும். பெரிய பராமரிப்புகளை ஏப்ரலுக்குள் முடிக்கத் திட்டமிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஜவுளிக்கடையில் 24 ஊழியர்கள், எல்லா மதத்தவரும் உண்டு. விடுப்பு விஷயத்தில் மட்டும் மனத்தாங்கல். 'அவங்க பண்டிகைக்கு நாங்க நிக்கோம், எங்க திருவிழாவுக்கு யாரும் நிக்க மாட்டாங்க' என்ற பேச்சு வருகிறது.
— கடை மேலாளர், நாகர்கோவில்

பதில்: நம் மாவட்டத்தின் திருநாள் வரிசை நீளமானது. கிறிஸ்துமஸ், ரம்ஜான், தீபாவளியோடு ஆவணித் திருவோணம், டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருநாள், சுசீந்திரம் மார்கழித் தேர், மாசி 20 அய்யா வைகுண்டர் அவதார தினம், மண்டைக்காட்டு மாசிக்கொடை, தக்கலை பீர் முகமது அப்பா ஞானப்புகழ்ச்சி எல்லாம் இருக்கின்றன. கலெக்டர் உள்ளூர் விடுமுறை அறிவித்தால் கடைக்கும் விடுமுறை என்று ஊழியர்கள் நினைத்திருப்பார்கள். கடை அன்று திறந்திருக்குமா என்பதை முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள்.

யாருக்கு எந்த நாள் வேண்டும் என்று மதத்தை வைத்து நீங்களே ஊகிக்காதீர்கள். சவேரியார் கோயிலுக்குப் போகும் இந்துக் குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொருவரிடமும் ஒரு சீட்டு வாங்குங்கள்: முதல் விருப்ப நாட்கள் இரண்டு, அடுத்த விருப்பம் இரண்டு. கூட்ட நாளில் 18 பேர் இல்லாமல் கடை ஓடாது என்றால், ஒரு நாளைக்கு ஆறு பேருக்கு விடுப்பு. ஏழாவது ஆள் கேட்டால் போன வருடத்துப் பதிவேட்டைத் திறந்து, அன்று அதே நாள் கிடைத்தவரைப் பின்னுக்குத் தள்ளுங்கள். சீனியாரிட்டி, சிபாரிசு இரண்டும் வேண்டாம். முடிவை 60 நாட்களுக்கு முன் ஒட்டுங்கள். இருவர் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள விரும்பினால் இருவரும் கையெழுத்திட்டு இரண்டு நாளுக்கு முன் தந்தால் போதும், காரணம் கேட்காதீர்கள். நிச்சயமில்லாத பிறையை வைத்து வரும் நாட்களுக்கு மட்டும் ஒரு மாற்று நாளையும் சேர்த்துக் குறியுங்கள்.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. உங்கள் விற்பனையாளர்களுக்கு உட்கார இருக்கை உண்டா? கடைகள், நிறுவனங்களில் ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. பத்து மணி நேரம் நின்ற காலோடு இருப்பவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கேள்வி: தேன் பாட்டிலில் அடைத்து விற்கும் மகளிர் குழு எங்களுடையது, 12 பேர். வேலை செய்வது ஐந்தாறு பேர், லாபம் எல்லோருக்கும் சமம். கேட்டால் 'ஒண்ணாத்தானே தொடங்கினோம்' என்கிறார்கள்.
— குழு உறுப்பினர், மார்த்தாண்டம்

பதில்: அவர்கள் சொல்வதும் சரி, நீங்கள் சொல்வதும் சரி. கூலி, லாபம் என்ற இரண்டு வேறு காசுகள் ஒரே டப்பாவில் கிடப்பதால்தான் இந்தக் குழப்பம்.

நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: தேதி, பெயர், வேலை, மணி நேரம். ஒரு விற்பனையில் 24,000 ரூபாய் வந்தது, பாட்டில், லேபிள், வண்டி எல்லாம் சேர்ந்து செலவு 9,000 என்று வைத்துக்கொள்வோம். மீதி 15,000. எல்லோருமாகச் செய்த வேலை 100 மணி நேரம், மணிக்கு 60 ரூபாய் என்று குழு தீர்மானித்தால் 6,000 கூலிக்குப் போகும். மிச்சம் 9,000-ஐ 12 பேரும் சமமாக எடுத்தால் ஆளுக்கு 750. இருபது மணி நேரம் உழைத்தவருக்கு 1,950, வரமுடியாதவருக்கு 750. ஒன்றாய்த் தொடங்கியதற்கும் மதிப்பு உண்டு, வியர்வைக்கும் மதிப்பு உண்டு. கைக்குழந்தை வைத்திருப்பவர், முதியவர்களைப் பார்ப்பவர் வீட்டிலிருந்தே லேபிள் ஒட்டலாம், கணக்கு எழுதலாம், அதற்கும் மணி நேரம் எழுதுங்கள்.

ரப்பர் தளிர்விடும் மாதங்களில் தேன் மொத்தமாக வந்து குவியும். தகராறு முளைப்பதும் அப்போதுதான். தேனீக்கள் முக்கால் பாகமாவது மெழுகால் மூடாத அடையை அவசரத்தில் எடுத்தால் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டும், தேன் புளித்துப் பொங்கும், கடைக்காரர் பாட்டிலைத் திருப்பி அனுப்புவார். அப்புறம் 'யார் எடுத்தது?' என்ற கேள்வி. எடுத்த தேதியையும் தொகுதி எண்ணையும் பாட்டிலில் எழுதி, ஈரமானி அளவை நோட்டில் குறித்து வைத்தால் எந்தத் தொகுதி என்று உடனே தெரியும். மற்ற பாட்டில்களையும் திரும்ப வாங்க வேண்டிவராது.

கேள்வி: எங்கள் பிரிவு மேற்பார்வையாளர் பெண்களிடம் இரட்டை அர்த்தத்தில் பேசுகிறார், தொட்டுப் பேசுகிறார். சொன்னால் 'டீம்னா அனுசரிச்சுப் போகணும்' என்கிறார்கள் மற்றவர்கள்.
— பெயர் வேண்டாம், தக்கலை

பதில்: அனுசரிக்க வேண்டியதில்லை, சகோதரி. மற்றக் கேள்விகளுக்குச் சொன்ன ஏற்பாடுகள் எதுவும் இதற்குப் பொருந்தாது. இது சட்டப்படி குற்றம். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து அல்லது அதற்கு மேற்பட்டவர் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண், உறுப்பினரில் பாதிப்பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றாலும், புகார் முதலாளி மீதே என்றாலும் மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தரவேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளுக்குள் முடிய வேண்டும். இன்றே ஒரு நோட்டில் தேதி, நேரம், இடம், சொன்ன சொல், அருகில் இருந்தவர் என்று எழுதத் தொடங்குங்கள். செல்போன் செய்திகளை அழிக்காதீர்கள். புகார்ப் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள்.

கேள்வி: மருத்துவமனையில் இரவுப் பணி முடித்துப் போகும்போது எல்லாம் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். காலைப் பணியினர் 'சொல்லவே இல்லை' என்கிறார்கள்.
— செவிலியர், குழித்துறை

பதில்: நீங்கள் சொல்லியிருப்பீர்கள், அவர்கள் காதில் விழாமலும் இருந்திருக்கும். பை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில், நர்ஸ் மேசையில், போன் மணிக்கு நடுவே சொன்னது நிற்காது. இரண்டு பணி நேரமும் 15 நிமிடம் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி நிர்வாகத்திடம் கேளுங்கள். சிக்கலான நோயாளிகளுக்குப் படுக்கையருகே நின்று நான்கு வரி: இப்போதைய நிலை, பின்னணி, உங்கள் கணிப்பு, அடுத்து செய்ய வேண்டியது. 'ஏழாம் கட்டில், நேற்று அறுவை சிகிச்சை ஆனவர். இரவு 2 மணிக்குக் காய்ச்சல் 101. டாக்டருக்குச் சொல்லியாச்சு. எட்டு மணிக்கு ரத்தப் பரிசோதனைக்கு எடுக்கணும்.' கேட்டவர் மருந்தின் பெயர், அளவு, நேரம் மூன்றையும் வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு இருவரும் ஒரே தாளில் கையெழுத்து. காலைப் பணியினர் இது எதற்கு என்று முதல் வாரம் சலித்துக்கொண்டால், அவர்கள் மாலையில் கைமாற்றும்போது நீங்களும் அதேபோல் திருப்பிச் சொல்லுங்கள்.